விட்ட ஆளைத் துரத்தாதவள்

மாரிக்கனிக்கு அநியாயம் செய்தவர் ரூபவதி டீச்சர்.

மண்டல ஹாக்கி அணிக்குப் பெண் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் முடிந்ததும், எல்லோரும் வரிசையில் நிற்க, டீச்சர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். மாரிக்கனியிடம் வந்தபோது நின்றார்.

"கால் இருக்கு, கை இருக்கு. ஆட்டம் எங்க நடக்குதுங்கிற அறிவு இல்ல."

அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டு விடுதி. விடுதி என்றால் கல்லூரிப் படிப்பு, மூன்று வேளைச் சாப்பாடு, உடம்புக்கு முடியாவிட்டால் டாக்டர். எதற்கும் காசு கிடையாது. இடம் கிடைக்காவிட்டால் மாரிக்கனிக்குத் தீப்பெட்டி ஆபீசில் கூலி வேலை. அவள் அம்மா அங்கே சொல்லியே வைத்திருந்தாள்.

மாரிக்கனி குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டது செண்பகவல்லி.

செண்பகவல்லி பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிப்பவள். பயிற்சி கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள டீச்சரிடம் வந்து சேர்ந்திருந்தாள். கற்றதைவிட வாதாடியதே அதிகம். நியாயம் கேட்க நேரம் காலம் பார்க்கக் கூடாது என்பது அவள் கொள்கை.

"டீச்சர், நீங்க செஞ்சது அநியாயம்."

"சரி."

"என்ன சரி? காரணம் சொல்லுங்க."

"நீ சொல்லு. அவளை எதுக்கு எடுக்கணும்?"

"வேகம் இருக்கு. அடி பலமா இருக்கு. அவளுக்கு முன்னாடி கிரவுண்டுக்கு வர்ற பிள்ளை கிடையாது. அதுவும் அந்தக் கிழிஞ்ச ஷூவை வச்சுக்கிட்டு..."

"ஷூவை டீம்ல எடுக்க முடியாது."

செண்பகவல்லி வாயை மூடினாள். அது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம்.

"நான் பாத்ததைச் சொல்லுதேன்," என்றார் டீச்சர். "அவ பேக். கோலுக்கு முன்னால நிக்கிறவ. வர்றவளை மறிக்கணும். இவ என்ன செய்யுதா? வலது பக்கமா விடுதா. ஸ்டிக்கு இருக்கிற பக்கம், கை பலமான பக்கம். அந்தப் பக்கமே அத்தனை பேரும் தாண்டிப் போறாளுவ. சரி, போயிட்டா. விட்ட ஆளைத் துரத்தணுமா, வேண்டாமா?"

"துரத்தணும்."

"துரத்தினாளா?"

துரத்தவில்லை. அதைச் செண்பகவல்லியும் பார்த்திருந்தாள். ஆள் தாண்டிப் போனதும் மாரிக்கனி திரும்பினாள். பந்து போகும் பக்கத்துக்கு நேர் எதிராக, இடது கம்பத்தைப் பார்த்து ஓடினாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "ஏ புள்ள, பஸ்ஸு அங்க நிக்காது" என்றுகூடச் சொன்னார்.

"கோல் விழாம போனது பெனிஷா புண்ணியம்," என்றார் டீச்சர். "அந்தப் பிள்ளை சுவரு. வந்த பந்தையெல்லாம் காலாலயே தட்டிவிட்டுட்டா."

பெனிஷா கோல்கீப்பர். டீச்சர் முதலில் சொன்ன பெயர் அவளுடையது.

"சரி, அறிவு இல்லைன்னே வச்சுக்குவோம். சொல்லிக் கொடுக்கலாமே? வளர்ற பிள்ளைக்கு இப்பவே தீர்ப்பு எழுதினா எப்படி?"

"காலை வளக்கலாம். கையை வளக்கலாம்."

"மிச்சத்தை?"

டீச்சர் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

*

மாரிக்கனி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகத் தொடங்கினாள்.

புது அணி, ஒரு கல்லூரி அணியோடு பயிற்சி ஆட்டம் ஆடியது. மாரிக்கனி நிற்க வேண்டிய இடத்தில் சுபிதா நின்றாள். சுபிதாவைக் குறை சொல்ல முடியாது. வலது பக்கம் ஒருத்தியையும் விடவில்லை. மறித்தாள், விழுந்தாள், எழுந்து துரத்தினாள். வேலிக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள்.

வலது பக்கம் வழி கிடைக்காதவர்கள் இடது பக்கம் திரும்பினார்கள்.

பந்து பெனிஷாவின் இடது பக்கமாக உள்ளே போனது. பெனிஷா பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதே பக்கம்.

பிறகு இன்னொன்று.

"சுவரு இன்னைக்கு லீவு போலுக்கு," என்றார் பஸ்ஸைப் பற்றிச் சொன்ன அதே மனிதர்.

டீச்சர் எப்போதும் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் ஆட்டம் பார்ப்பார். அன்று அங்கிருந்து நகர்ந்தார். எல்லைக் கோட்டைச் சுற்றி மெதுவாக நடந்து, கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றார்.

செண்பகவல்லியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"என்ன டீச்சர்?"

"பந்தைப் பாக்காத. அவ இடது காலைப் பாரு."

செண்பகவல்லி பார்த்தாள். பெனிஷாவின் வலது கால் துள்ளியது, நீண்டது, மடங்கியது. இடது கால், முட்டியையும் மூடிக் கட்டிய பேடுக்குள் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றது.

இடது கம்பத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

தேர்வு ஆட்டத்தில் அங்கே யார் ஓடி வந்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது.

"டீச்சர்."

"ம்."

"மாரிக்கனி ஏமாந்து விடல. நல்ல கால் இருக்கிற பக்கமா வேணும்னே அனுப்பியிருக்கா. அனுப்பிட்டு, பெனிஷாவால முடியாத பக்கத்துக்குத் தானே ஓடிப்போய் நின்னுருக்கா."

"ம்."

"ஆட்டம் முழுக்க."

டீச்சர் வலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருசமா நடுக்கோட்டுலயே நின்னு பாத்துட்டேன்," என்றார்.

செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. "வாங்க, பெனிஷாகிட்டக் கேப்போம்."

"கேக்காத."

"ஏன்?"

"கேட்டா சொல்லிருவா."

"சொல்லட்டுமே. உங்களுக்குத்தான் தெரிஞ்சு போச்சே."

"கண்ணுக்குத்தான் தெரிஞ்சிருக்கு. காதுக்கு இன்னும் வரல. வந்துட்டா மேல சொல்லியாகணும்."

"இது என்ன கணக்கு டீச்சர்? தப்பாப் பாத்தது உங்க கண்ணு. அதுக்கு அந்தப் பிள்ளை தீப்பெட்டி அடுக்கணுமா?"

"அடுக்க வேண்டாம். ரெண்டு நாள் பொறு."

"நியாயத்துக்கு எதுக்கு ரெண்டு நாள்?"

டீச்சர் விசிலைப் பையில் போட்டார்.

செண்பகவல்லி அந்த அடையாளத்தை அன்று மதிக்கவில்லை.

*

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்து பெனிஷா பேடைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"இடது காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

"மாரிக்கனி உன்னாலதான் வெளிய நிக்கிறா. இப்போ சொல்லு, ஒண்ணுமில்லைன்னு."

பெனிஷா சொல்லவில்லை. பேடை முழுவதும் இறக்கினாள். முட்டி வீங்கிப் பளபளத்தது.

"பொங்கலுக்கு முன்னாடி விழுந்தேன். ஸ்கேன் எடுக்கணும்னாங்க. வீட்டுல காசுக்கு எங்க போவாங்க? விடுதிக்குப் போயிட்டா அங்கயே டாக்டர் பாப்பாங்கல்ல. அதுவரைக்கும் தாங்கிக்கலாம்னு இருந்தேன்."

"மாரிக்கனிகிட்டச் சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லல. ஒருநாள் பயிற்சியில இடது பக்கம் ஒரு பந்தை விட்டுட்டேன். அவ திரும்பி என் காலைப் பாத்தா. மறுநாள்ல இருந்து அந்தப் பக்கம் பந்தே வரல."

"நீங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசினதே இல்லையா?"

"ஒரு தடவை நான் ஆரம்பிச்சேன். 'விடுதில ஒரே ரூமா கேப்போம்ட்டி'ன்னு மட்டும் சொன்னா."

செண்பகவல்லி அவள் தோளில் கை வைத்தாள்.

"இதைத் தேர்வுக் குழுவுல வந்து சொல்லணும். மாரிக்கனிக்காக."

பெனிஷா வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா எனக்கு என்னாகும்க்கா?"

எந்தக் கேள்விக்கும் செண்பகவல்லியிடம் பதில் இருக்கும்.

"உண்மையைச் சொன்னவங்களுக்கு ஒண்ணும் ஆகாது," என்றாள்.

*

பெனிஷா சொன்னாள்.

செண்பகவல்லி வாதாடினாள். அப்படி அவள் அதற்கு முன் வாதாடியதில்லை. மேஜைமேல் இரண்டு தண்ணீர் பாட்டில்களைக் கம்பமாக நிறுத்தி, பேனா மூடியை மாரிக்கனியாக நகர்த்திக் காட்டினாள். தாண்டிப் போனவள் எந்தக் கோணத்தில் அடிக்க முடியும், எதை அடிக்க முடியாது, அந்த நேரத்தில் இடது கம்பத்தில் ஒருத்தி நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று ஒன்றையும் விடவில்லை.

"கோல்கீப்பர் ஆட்டத்தையும் சேத்து ஆடியிருக்கா. இதுக்குப் பேரு அறிவில்லைன்னா, வேற எதுக்குங்க அறிவுன்னு பேரு?"

குழுவில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இப்படி ஒரு பேக்கை விட்டுட்டோமே," என்றார் ஒருவர்.

"விட்டது நான்," என்றார் டீச்சர்.

முடிவு சொல்ல வெகுநேரம் ஆகவில்லை. காயத்தை மறைத்தவளை அணியில் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்காது. பெனிஷாவை வீட்டுக்கு அனுப்ப வேண்டியது. காலியாகும் இடம் மாரிக்கனிக்கு.

செண்பகவல்லி வாயைத் திறந்தாள். வாதாடத் திறந்த வாய்தான். ஆனால் அவள் கேட்டதை அவர்கள் கொடுத்துவிட்டிருந்தார்கள். மறுத்துப் பேச அவளிடம் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

பெனிஷா நொண்டாமல் நடந்து வெளியே போனாள்.

*

டீச்சரும் செண்பகவல்லியும் தீப்பெட்டி ஆபீசுக்கு நடந்தார்கள். பாதி வழியில் செண்பகவல்லிதான் ஆரம்பித்தாள்.

"விதின்னு ஒண்ணு இருக்கும்போது நான் என்ன செய்ய முடியும் டீச்சர்?"

டீச்சர் நடையைக் குறைக்கவில்லை.

"ரெண்டு நாள் எதுக்குக் கேட்டீங்க?"

"ரெண்டு பேரையும் உள்ள வைக்க ஏதாவது வழி இருக்கான்னு பாக்க."

"இருந்துச்சா?"

"தெரியல. அதுக்குள்ள நீ ஜெயிச்சுட்ட."

*

சாப்பாட்டு நேரம். மாரிக்கனி வாசலுக்கு வந்தாள். உடம்பெல்லாம் தீக்குச்சி மருந்து வாசனை. டீச்சரைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மாரி," என்றார் டீச்சர். "நான் தப்பாப் பாத்துட்டேன்."

அவர் அப்படிச் சொல்லி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. மாரிக்கனிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"அதனால என்ன டீச்சர்."

"என்னவா?" என்றாள் செண்பகவல்லி. வழியெல்லாம் அடக்கி வைத்திருந்தது அவளுக்கு அங்கே வந்தது. "அத்தனை பேர் முன்னாடி உனக்கு அறிவில்லைன்னு சொன்னாங்க. கேட்டுட்டு ஷூவைக் கழட்டிட்டு வந்துட்ட. அவ கால் சரியில்ல, அதனால இப்படி ஆடினேன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

மாரிக்கனி மனதில் வேறொன்று ஓடியது. முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ என்னை எடுத்தாச்சாக்கா?"

"எடுத்தாச்சு."

"விடுதியும்?"

"விடுதியும்தான்."

"பெனிஷாகிட்டச் சொல்லிட்டீங்களா? ஒரே ரூமா கேக்கணும்னு பேசி வச்சிருந்தோம்."

உள்ளே யாரோ தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது.

டீச்சரின் கை பைக்குள் போய் விசிலைத் தொட்டது. எடுக்காமல் திரும்பி வந்தது.

"பெனிஷா எங்க டீச்சர்?"

"வீட்டுக்குப் போயிட்டா."

"காலைப் பாத்துட்டு வந்துருவாளா?"

"இல்லம்மா."

"அவ இடம்?"

எந்தக் கேள்விக்கும் செண்பகவல்லியிடம் பதில் இருக்கும். இதற்கும் இருந்தது. அவள் தரையைப் பார்த்தாள்.

மாரிக்கனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிரே வருகிறவள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறாள் என்று பார்க்கும் பார்வை. அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏன் சொல்லலைன்னு கேட்டீங்கல்லக்கா," என்றாள். "இதுக்குத்தான்."