குருசடியில் எடுத்த சீட்டு

கழிமுகத்தில் தோணி தள்ளுகிற சூசன்னாளுக்கு ஒரே ஒரு சீடன். அவன் குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவன்.

பெயர் தொபியாஸ். கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவன். நாற்பது வருடமாகத் தொண்டை கிழியக் கூவி, எவனையும் நம்பாமல் ஆளானவன். கோபம் வந்தால் கையில் இருக்கிற மீனைத் தூக்கி மணலில் அடிப்பான். பிறகு மண்ணைத் தட்டிவிட்டு அதையும் நல்ல விலைக்கே விற்பான்.

சூசன்னாள் ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பாள். அதனால் ஊருக்கு அவள் டீச்சர். மற்ற நாட்களில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போவாள்.

போன தவக்காலத்தில் தொபியாஸ் அவளைத் தேடி வந்தான். எவ்வளவு ஜெபித்தாலும் மேலே யாரும் காது கொடுக்கிற மாதிரித் தெரியவில்லை, நீங்கள் மட்டும் எப்படி நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்தவன் குரலில் கேட்டான். அவள் தோணிக்குள் ஊறிக் கிடந்த தண்ணீரைக் காட்டி, இறைக்கச் சொன்னாள். அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் விடியலில் வருகிறான். துறையில் தோணி கட்டிக் கிடக்கும்போதே, வாய் வெட்டின பிளாஸ்டிக் கேனால் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டுப் போகிறான். பாடம் அவ்வளவுதான்.

"இதுக்குப் பேரு ஞானமா?" என்று ஒருமுறை கேட்டான்.

"இதுக்குப் பேரு ஓட்டை" என்றாள் சூசன்னாள்.

அது தை மாதம். அன்றைக்குப் பனி இறங்கினது இறங்கினபடி நின்றது. ஆறு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று ஒன்றும் தெரியவில்லை. துறையில் கட்டின தோணி பாதிதான் இருந்தது. மீதி வெள்ளைக்குள் கரைந்திருந்தது.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து தொபியாஸ் வந்தான். அன்று திங்கட்கிழமை. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில் புதுச் செருப்பு. சட்டைப் பை புடைத்திருந்தது.

அக்கரையில் அன்று காலை அவன் தங்கச்சி பிலோமியின் மகளுக்குக் கல்யாணம். மகள் பெயர் செலஸ்தினாள். அப்பன் கடலில் மாண்டு நாலு வருடம் ஆகிறது. அப்பன் இல்லாத பெண்ணைக் கோயில் படியிலிருந்து பீடம் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியது தாய்மாமன். அவளுக்கு இருக்கிற ஒரே தாய்மாமன் இவன்தான். மாமாவுக்காகக் கோயிலில் இரண்டாம் மணி அடிக்கிற வரைக்கும் படியிலே நிற்பேன், அதற்குப் பிறகு தனியாகவே உள்ளே போவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள் அவள்.

நாலு வருடமாகத் தொபியாஸ் ஆற்றைத் தாண்டியதில்லை. தங்கச்சி தன்னை மதிக்கவில்லை என்பது அவன் ஊருக்குச் சொன்ன காரணம்.

"டீச்சர், ஆண்டவர் சித்தம் என்னன்னு கேட்டுட்டேன்" என்றான். "விஷயம் முடிஞ்சுபோச்சு."

"எங்க கேட்டீங்க?"

"குருசடியில. திருவுளச் சீட்டுப் போட்டேன்."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். ஒரு தாளில் செய் என்றும், இன்னொன்றில் செய்யாதே என்றும் எழுதி, மடித்துக் குருசடியில் நிற்கிற சிலுவையின் காலடியில் வைப்பார்கள். ஜெபம் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார்கள். கையில் வந்தது கடவுள் சொன்னது. அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை.

தொபியாஸ் உள்ளங்கையைத் திறந்து காட்டினான். தாளில் 'போகாதே' என்று இருந்தது.

"ஒரு தரம்தான் எடுத்தீங்களா?"

"மூணு தரம்." ஏலத்தில் மூன்றாம் தரம் கூறினால்தான் சரக்கு கைமாறும். அந்தக் கணக்கை அவன் குருசடிக்கும் கொண்டுபோயிருந்தான். "மூணு தரமும் இதேதான். அவரே சொன்ன பிறகு நான் என்ன செய்ய?"

"அப்ப சரி" என்று சூசன்னாள் கயிற்றை அவிழ்த்தாள். "ஏறுங்க."

எங்கே என்று கேட்டான். தோணியில் தண்ணீர் ஊறியிருக்கிறது, இறைக்க வேண்டும் என்றாள். இன்றைக்குத் தன் முறை இல்லை, வெள்ளைச் சட்டை வேறு போட்டிருக்கிறேன் என்று முணுமுணுத்தான். முணுமுணுத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.

அவள் கழியை ஊன்றினாள். துறை பின்னால் நகர்ந்து, மங்கி, இல்லாமல் போனது.

கழி வெள்ளைக்குள் இறங்கிற்று, வெள்ளைக்குள்ளிருந்து ஏறிற்று. சொட்டுகிற சத்தம் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. ஒரு நாரை தலைக்கு மேல் பறந்தது. சிறகு தெரியவில்லை, காற்று மட்டும் முகத்தில் பட்டது. தோணி போகிறதா, நிற்கிறதா, இல்லை ஆறுதான் அதன் அடியில் நடந்துபோகிறதா என்று சொல்ல முடியவில்லை.

"கரை தெரியலையே, டீச்சர்."

"அது இருக்கிற இடத்துலதான் இருக்கும்."

தொபியாஸுக்குச் சுருக்கென்று வந்தது. "நான் சரக்கைப் பாக்காம ஒரு நாளும் விலை வச்சதில்ல. செவுளைத் தூக்கிப் பாப்பேன், வயித்தை அமுக்கிப் பாப்பேன். ஆண்டவர் மட்டும் எல்லாத்தையும் ஓலைப் பாயால மூடிவச்சுக்கிட்டு, வாங்கு வாங்குங்கார். பிலோமி முகத்தைத் திருப்பிக்கிடுவாளா, இல்ல ஊர் முன்னால வச்சுக் கேப்பாளா? ரெண்டுல எதுன்னு அவர் முதல்ல சொல்லட்டும். அப்புறம் நான் போறேன்."

"என்ன கேப்பா?"

அவன் கேனை எடுத்துத் தண்ணீர் இறைத்தான். பத்துக் கேன் இறைத்திருப்பான். பிறகு அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தங்கச்சி புருஷனை அடக்கம் செய்த அன்று, குழிக்குப் பக்கத்தில், எல்லாரும் மண் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவன்தான் பேசியிருக்கிறான். காற்று மாறின நாளில் நீதானே அவனைக் கடலுக்கு அனுப்பினாய் என்று. பிலோமி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. கையில் எடுத்த மண்ணைப் போடாமல் அப்படியே நின்றாள். அவள் மதிக்காமல் போனது என்று ஊரில் அவன் சொல்லிக்கொண்டு திரிந்தது அந்த மௌனத்தைத்தான்.

"அந்த மண்ணை அவ எப்பப் போட்டான்னுகூட எனக்குத் தெரியாது. நான் அதுக்குள்ள வந்துட்டேன்" என்றான்.

கழி இறங்கிற்று, ஏறிற்று.

அப்போது முதல் மணி அடித்தது. முன்னாலா, பின்னாலா, தண்ணீருக்கு அடியிலா என்று தெரியவில்லை. பனி முழுவதும் ஒரு மணியாக ஆடி ஓய்ந்தது.

சூசன்னாள் கழியைத் தூக்கித் தோணிக்குள் படுக்க வைத்தாள். அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொரு சீட்டைக் குடுங்க, அண்ணாச்சி."

"எது?"

"கையில வராத சீட்டு."

அது செல்லாத சீட்டு, அது எதற்கு என்றான். அவள் கையை நீட்டினபடி இருந்தாள். எதை எடுத்தேனோ அதுதானே கணக்கு, எடுக்காததைக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்று குரல் உயர்ந்தது. கேனைப் பலகையில் ஓங்கி அடித்தான். தண்ணீர் தெறித்து வெள்ளைச் சட்டையெல்லாம் திட்டுத் திட்டாக நனைந்தது. அவள் கை அப்படியே இருந்தது.

கடல் உள்ளே ஏறிவருகிற நேரம். கழி இல்லாத தோணி தன்பாட்டில் மெல்லத் திரும்பியது. எந்தப் பக்கம் வந்த பக்கம், எந்தப் பக்கம் போகிற பக்கம் என்பது அவனுக்குத் தப்பிப்போனது.

சட்டைப் பைக்குள் கையை விட்டான். முதலில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. மணப்பெண்ணின் கையில் கொடுக்கிற வெண்மணி ஜெபமாலை. அதை மடியில் வைத்துவிட்டு மறுபடி துழாவி, மடித்த சீட்டை எடுத்துக் கொடுத்தான்.

சூசன்னாள் பிரித்தாள்.

'போகாதே.'

அதே கையெழுத்து, அதே மை.

கூட்டத்துக்குள் தன் ஆளையே நிறுத்தி விலை கேட்க வைப்பது அவன் தொழிலில் பழைய வேலை. எத்தனையோ பேரிடம் அதைச் செய்திருக்கிறான். குருசடியில் செய்தது இதுதான் முதல் தடவை.

"வேற ஏதாவது சொல்லிருவாரோன்னு பயமா இருந்துச்சு, டீச்சர்."

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவனிடமிருந்த முதல் சீட்டையும் வாங்கி, இரண்டையும் ஈரப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மை ஊறி, எழுத்துக்கள் ஒன்றோடொன்று கலந்து நீலமாகப் பரவின.

"ரெண்டு சீட்டுலயும் போகாதேதான்."

"ஆமா."

"மூணு தரமும் அதுதான் வந்துச்சு."

"ஆமா."

"இன்னைக்குத் தண்ணி இறைக்கிற நாளும் இல்ல."

"இல்ல."

"அப்ப காலையில உங்களுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, ஜெபமாலையைப் பையில வச்சு, துறை வரைக்கும் கூட்டிட்டு வந்தது யாரு, அண்ணாச்சி?"

தொபியாஸ் வாயைத் திறந்தான். வாய் திறந்தபடியே இருந்தது. பனி உள்ளே போய் வந்தது.

கைகள் மட்டும் ஏதோ நினைவு வந்ததுபோல் கேனை எடுத்தன. இறைக்கத் தொடங்கினான். தண்ணீர் போகப் போகப் பலகையில் கிடந்த இரண்டு தாளும் கூழாகி வழிந்து, இறைத்த தண்ணீரோடு ஆற்றுக்குப் போயின. அவன் அதைப் பார்க்கவில்லை.

தோணியின் அடி மணலில் உரசி நின்றது.

எந்த மணல் என்று தெரியவில்லை. முன்னால் பனி, அதற்குள் ஒரு மேடு. மேட்டில் படி மாதிரி ஏதோ. படியில் வெள்ளையாக ஒன்று அசைந்தது. உடுப்பா, பனியா, பார்க்கப் பார்க்கக் கலைந்தது, பார்க்காதபோது கூடிற்று. அதற்குப் பக்கத்தில் கருப்பாக இன்னொன்று, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவளைப்போல.

தொபியாஸ் எழுந்தான். பெட்டியைப் பையில் வைத்தான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு விளிம்பில் ஒரு காலைத் தூக்கி வைத்து, அப்படியே நின்றுவிட்டான்.

"பிலோமி என்ன சொல்லுவா, டீச்சர்?"

சூசன்னாள் கழியை எடுத்து மணலில் ஊன்றி, தோணி ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல காலை நனைங்க, அண்ணாச்சி."

இரண்டாம் மணி அடித்தபோது தோணியில் ஒருத்திதான் இருந்தாள்.