ஞானப்பூ வீட்டுக் கைப்பிடி அரிசி

பிள்ளைகளே, பிள்ளைகளைப் பெற்றவர்களே, கிட்டே வந்து உட்காருங்கள். ராஜா கதையும் நரிக் கதையும் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்றைக்கு ஒரு மண்கலயத்தின் கதை சொல்கிறேன். பெற்றவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் காது கொடுங்கள், கதை உங்களுக்குத்தான்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால், தெற்கே செம்மணல் மேடுகளான தேரியின் ஓரத்தில், பனைகளுக்கு நடுவே கிருபைக்குடியிருப்பு என்று ஓர் ஊர் இருந்தது. ஓலை வேய்ந்த ஒரு கிறிஸ்தவக் கோயில், அதற்கு ஒரு மணி, வேதம் சொல்லிக்கொடுக்க ஓர் உபதேசியார். கோயிலைச் சுற்றிய வளவிலே ஒரு சின்ன வீடு. அதில் தாய் தகப்பன் இல்லாத ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்த ஒன்பது பேருக்கும் கஞ்சி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஊரின் எல்லா அடுக்களையிலும் அடுப்புக்கு மேலே உறியில் ஒரு மண்கலயம் தொங்கும். உலையில் அரிசி போடுமுன் வீட்டுக்காரி ஒரு கைப்பிடி எடுப்பாள். கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொல்வாள். பிறகு அதைக் கலயத்தில் போடுவாள். சனிக்கிழமை சாயங்காலம் மோசே உபதேசியார் ஓலைப்பெட்டியோடு வீடு வீடாக வருவார். பெட்டியில் அரிசி விழும் சத்தம் எவ்வளவு இன்பமாக இருக்கும் என்கிறீர்கள்! சின்ன வயதில் நான் கேட்ட அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. குக்கர் வைக்கும் உங்களுக்கு அந்தச் சத்தத்தை நான் எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்?

அந்த ஊரில் ஞானப்பூ என்று ஒருத்தி இருந்தாள். நல்லவள். பெண்கள் கூட்டத்தில் ஜெபிக்க ஆள் வேண்டுமென்றால் எல்லாருடைய கண்ணும் அவள் பக்கம்தான் திரும்பும். அவளுக்கு ஆறு வயதில் ஒரே மகள், பெயர் எப்சிபா.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. பதநீர் குறைந்தது. வீட்டில் அரிசியும் குறைந்தது. ஒருநாள் ஞானப்பூ கைப்பிடி அரிசியைக் கலயத்தில் போட்டாள். பிறகு அதிலிருந்து ஒரு சிட்டிகையைத் திரும்ப எடுத்து உலையில் போட்டாள். “என் பிள்ளைக்குத்தானே” என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுவாரம் கால் பங்கை எடுத்தாள். அதற்கடுத்த வாரம் பாதியை எடுத்தாள்.

எந்தப் பிள்ளைக்காக எடுத்தாளோ, அந்தப் பிள்ளை அடுக்களை மூலையில் தேங்காய்ச் சிரட்டையில் மண்ணை அள்ளிச் சோறு பொங்கி விளையாடிக்கொண்டிருந்தது. விளையாடிக்கொண்டேதான் எல்லாவற்றையும் பார்த்தது.

மறுவருஷம் மழை வந்தது. பனை பாளை விட்டது. பானையில் அரிசி நிறைந்தது. ஆனால் ஞானப்பூவின் கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. போடுவாள், ஜெபிப்பாள், பாதியை எடுப்பாள். கோயில் வளவில் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராய்ப் போயிற்று.

அறுப்பின் பண்டிகை வந்தது. அன்றைக்குக் கோயில் முற்றத்தில் ஊருக்கெல்லாம் அசனம், எல்லாரும் சேர்ந்து உண்ணும் விருந்து. முதல் பந்தி அந்த ஒன்பது பிள்ளைகளுக்குத்தான். அவர்களுக்குச் சோறு போடுவது ஊர்ப் பிள்ளைகளில் ஒருவர். அந்த வருஷம் உபதேசியார் எப்சிபாவைக் கூப்பிட்டார். ஜெபக்காரியின் மகள் அல்லவா! ஞானப்பூவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

எப்சிபா சோற்றுப் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்தாள். முதல் பிள்ளை கையிலிருந்த, பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் கைநிறையச் சோறு போட்டாள், கண்ணை மூடி ஜெபித்தாள், பாதியை அள்ளித் திரும்பப் பெட்டியில் போட்டாள். இரண்டாம் பிள்ளைக்குப் போட்டாள், ஜெபித்தாள், பாதியை அள்ளினாள். மூன்றாவது தெபோராள், இருப்பதிலேயே சின்னவள். அவளுக்கும் அப்படியே. தெபோராள் அழவில்லை. இன்னும் கொஞ்சம் விழும் என்று பட்டையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

முற்றம் முழுக்க ஒரே சலசலப்பு.

“ஏட்டி! தாயில்லாப் பிள்ளை சோத்தையா எடுக்க? இந்த வயசுல என்ன பேராசை!” என்று யாரோ சத்தம் போட்டார்கள். ஒருவர் வந்து பெட்டியைப் பிடுங்கினார். குழந்தை மிரண்டு போனாள்.

உபதேசியார் அவள் பக்கத்தில் குந்தினார். “ஏன்மா அப்படிச் செஞ்ச?”

“ஆண்டவருக்குக் குடுக்கது இப்படித்தான ஐயா? முதல்ல போடணும். பெறவு கண்ண மூடணும். பெறவு பாதிய எடுக்கணும்.”

“இத உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரும் சொல்லிக் குடுக்கல. நானே பாத்தேன்.”

பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்த ஞானப்பூவுக்கு உடனே விளங்கிவிட்டது. “விவரம் தெரியாத பிள்ளை, விளையாட்டுப் புத்தி” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பேர் பிழைக்கும். பிள்ளைதான் ஊருக்கெல்லாம் பேராசைக்காரி ஆவாள். எப்சிபா கண்ணில் நீர் முட்ட அம்மாவைத் தேடினாள். தான் செய்ததில் என்ன தப்பு என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

ஞானப்பூ எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லார் நடுவிலும் வந்து நின்றாள்.

“பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க ஐயா. அவ என்னத்தான் பாத்தா. ஒரு வருசமா நான் போட்டத நானே பாதி எடுத்தேன். மழை வந்த பெறவும் எடுத்தேன்.”

சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கினாள். தெபோராளின் பட்டையில் இரண்டு கையாலும் சோற்றை அள்ளிப் போட்டாள். எப்சிபா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“பாதிய எப்பம்மா எடுக்கணும்?”

“எடுக்கக் கூடாதும்மா. அம்மா செஞ்சது தப்பு. இந்தா பாரு” என்று இரண்டு உள்ளங்கைகளையும் மகள் முகத்துக்கு நேரே காட்டினாள். ஒரு பருக்கை இல்லை. அதன் பிறகுதான் ஞானப்பூவுக்கு அழுகை வந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஒருத்தி சத்தமில்லாமல் எழுந்து வீட்டுக்குப் போனாள். இன்னொருத்தி போனாள். மூன்றாவதாகப் போனது உபதேசியாரின் மனைவி! மூவரும் மடி நிறைய அரிசியோடு திரும்பி வந்தார்கள். எத்தனை வீட்டுக் கலயத்தில் அப்படிக் கை இறங்கியிருந்ததோ, ஆண்டவருக்கே வெளிச்சம். யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த வாரத்திலிருந்து கோயில் வளவில் கஞ்சி கெட்டியாயிற்று.

அன்று முதல் அந்த ஊரில் ஒரு வழக்கம் வந்தது. கலயத்தில் அரிசி போடும் தாய், பக்கத்தில் பிள்ளையை நிறுத்திக்கொள்வாள். போட்டு முடித்ததும் வெறும் உள்ளங்கையைப் பிள்ளைக்குக் காட்டுவாள்.

என் அம்மாவும் எனக்குக் காட்டினாள். மஞ்சள் மங்காத அந்தக் கையில் அரிசித்தவிடு லேசாக ஒட்டியிருக்கும். ஏன் காட்டுகிறாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. கலயம் போய்விட்டது, அம்மாவும் போய்விட்டாள். ஆனாலும் என் மகன் பக்கத்தில் நிற்கும்போது தப்பாக எதையாவது தொடப் போனால், அந்தக் கை என் கண்முன் வந்து நிற்கிறது.

ஆகையால், நம் பிள்ளைகள் ஆண்டவருக்குமுன் எப்படி நடக்கவேண்டும் என்று விரும்புகிறோமோ, அப்படி முதலில் நாமே அவர்கள் கண்முன் நடந்து காட்டவேண்டும்.