இருவாச்சி குடியிருந்த பொந்து

வீடு வைத்திருப்பவர்களே, வாடகைக்கு இருப்பவர்களே, இரண்டு பேரும் கேளுங்கள். மலைக்கு யாரும் எல்லைக்கல் நடாத காலத்தில் நடந்தது இது.

ஒரு மரங்கொத்தி இருந்தது. அதன் தாத்தா பெரிய உழைப்பாளி. நாங்கு என்னும் மரம் ஒன்றில் அழகான பொந்து ஒன்றைக் கொத்திவைத்துவிட்டுச் செத்துப்போனது. பேரன் மரம் எதையும் கொத்தியதில்லை. வாடகைதான் கொத்தியது.

அந்தப் பொந்துக்கு ஓர் இருவாச்சிப் பறவைத் தம்பதி குடிவந்தது. நாளுக்கு ஓர் அத்திப்பழம் என்று பேச்சு.

இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். முட்டையிடும் காலத்தில் பெண் பொந்துக்குள் போய், மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசிவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். உள்ளே அதன் சிறகுகள் உதிர்ந்துவிடும். குஞ்சு தேறும்வரை ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

மரங்கொத்தி, பூச்சு காயும்வரை பொறுமையாக இருந்தது. காய்ந்த மறுநாள் காலையிலேயே வந்து நின்றது.

"தம்பி, பொந்து கிழக்குப் பார்த்தது. இளவெயில் விழுகிறது. வெயிலுக்கு ஒரு பழம் கூட வை."

ஆண் இருவாச்சி வைத்தது.

மழை வந்தது. மரங்கொத்தியும் வந்தது.

"ஒரு சொட்டு ஒழுகியதா? இல்லையே! ஒழுகாததற்கு ஒரு பழம்."

வைத்தது.

குஞ்சு பொரித்தது. மரங்கொத்தி மூன்றாம் முறை வந்து வாசலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"சுவர் என்ன நேர்த்தி! பொந்தின் மதிப்பே கூடிவிட்டது. இன்னும் ஒரு பழம்."

"ஐயா, சுவரைப் பூசியது என் மனைவி..."

"யார் பூசினால் என்ன? பூசியிருப்பது என் பொந்தில்."

பக்கத்துக் கிளையில் மலையணில் இருந்தது. "கேட்டதைக் கொடுத்துவிடப்பா. இந்த மலையில் பொந்து கிடைப்பது குதிரைக்கொம்பு" என்றது. அதற்குச் சொந்தக் கூடு இருந்தது.

ஆண் அதையும் வைத்தது. அன்று கீறல் வழியே போன இரை தாய்க்கும் போதவில்லை, குஞ்சுக்கும் போதவில்லை. குஞ்சின் குரல் கம்மிவிட்டது.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று உள்ளிருந்து கேட்டது பெண்.

ஆண் எல்லாவற்றையும் சொன்னது. "கொடுக்காவிட்டால் காலி பண்ணச் சொல்லுவாரே!"

"சொல்லட்டும். எப்படிக் காலி பண்ணவைப்பாராம்?"

ஆண் யோசித்தது. பயப்பட்டிருந்ததே தவிர, இதை அது யோசித்ததே இல்லை.

"நாளைக்கு ஒரு பழம் மட்டும் வையுங்கள். பேசியது அதுதானே" என்றது பெண்.

மறுநாள் மரங்கொத்தி ஒற்றைப் பழத்தைப் பார்த்தது. கொண்டை சிலிர்த்தது.

"காலி பண்ணு! இப்போதே!"

"சிறகு முளைக்கட்டும், பண்ணுகிறேன்" என்று கீறலிலிருந்து குரல் வந்தது.

"சுவரை உடைத்துவிடுவேன்!"

சத்தம் கேட்டுக் குரங்குகள் கூடின. மைனாக்கள் கூடின. மரங்கொத்தி தண்டில் தொற்றி அலகை ஓங்கியது.

"தாராளமாக உடையுங்கள்" என்றது பெண். "ஆனால் மலை வழக்கம் தெரியுமில்லையா? அடைந்திருக்கும் தாயின் சுவரை யார் உடைக்கிறாரோ, குஞ்சு பறக்கும்வரை அவர்தான் இரை தேடிக் கொடுக்க வேண்டும். எனக்கும் சேர்த்து."

ஓங்கிய அலகு நின்றது. மரங்கொத்தி அணிலைப் பார்த்தது.

"அப்படியா?"

"ஆமாம். என் பாட்டன் காலத்திலிருந்தே உண்டு."

ஆண் இருவாச்சியும் அணிலைப் பார்த்தது. "இதை அன்றைக்கே சொல்லக் கூடாதா?"

"நீ கேட்கவில்லையே!"

உள்ளே குஞ்சு பசியில் கத்தத் தொடங்கியது. கம்மிய குரல்தான், ஆனால் ஓயவில்லை. தன் வயிற்றுக்கே ஒரு புழுத் தேடி அறியாத மரங்கொத்தி அதைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அலகைத் தாழ்த்தி, சுவரை மெல்ல இரண்டு தட்டுத் தட்டியது.

"உறுதியாகத்தான் இருக்கிறது. குடியிருப்பவர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்ப்பது சொந்தக்காரன் கடமை அல்லவா?"

குரங்குகள் சிரித்தன. மரங்கொத்தி ஒற்றைப் பழத்தைக் கவ்விக்கொண்டு பறந்தது. மனமிரங்கி வாடகையைக் குறைத்துவிட்டதாக அன்று மாலைவரை மரம் மரமாகச் சொல்லித் திரிந்தது. இருவாச்சிகள் மறுக்கவில்லை. குஞ்சின் அலகு நிறையப் பழம் இருந்தது.

தன் உரிமை இன்னதென்று கேட்டறிந்து வாய் திறந்து சொல்லாதவருக்கு, வெயிலுக்கும் மழைக்கும் தான் கட்டிய சுவருக்கும்கூட வாடகை ஏறும்.