ஆட்டம் இல்லாத எஞ்சின்

"ஓட மாட்டேங்குதுங்க, அம்மணி," என்றார் பொங்கியண்ணன்.

பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த நீராவி எஞ்சினைத் துணி பிரித்து மேசைமேல் வைத்தார். கைக்கு அடக்கமான எஞ்சின். ஒரு இரும்பு சிலிண்டர், அதற்குள் ஒரு பித்தளை பிஸ்டன், ஒரு சக்கரம், பக்கத்தில் சின்னக் கொதிகலன். திருகாணி வரை எல்லாம் அவரே வீட்டு லேத்தில் கடைந்தது.

ஃபிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிவிட்டார். பிஸ்டன் தண்டைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார். அசையவில்லை.

"ஆட்டமே இல்லீங்களேண்ணா," என்றார்.

பொங்கியண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"இல்லீங்க. துளிகூட இருக்காதுங்க."

"அதான்," என்று சொல்லிவிட்டு ஃபிலோமினா தன் லேத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

போத்தனூரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வாரம் முழுக்க நூற்பாலைகளுக்கு நூல் சுற்றுகிற கதிர் கடைந்து கொடுப்பார் ஃபிலோமினா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பொம்மை எஞ்சின். எஞ்சின் கட்டுகிறவர்கள் எங்கெங்கிருந்தோ அவரைத் தேடி வருவார்கள். பெரும்பாலும் வயதில் அவரைவிட மூத்தவர்கள். கேள்வியோடு வந்து, பதில் என்று எதுவும் கிடைக்காமல் திரும்பிப் போய், மறு வாரமும் வருவார்கள்.

பொங்கியண்ணனும் பதில் இல்லாமல்தான் திரும்பினார். ஆனால் மனம் நிறைந்திருந்தது.

வேலையில் இருந்த காலம் முழுவதும் அவர் கிணற்று பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். கடைந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, ஆகும், ஆகாது என்று சொல்கிற வேலை. துளைக்கும் அதற்குள் போகிற தண்டுக்கும் நடுவில் இடம் மிஞ்சினால், உருப்படி கையில் லொடலொடக்கும். அதற்குப் பட்டறையில் ஆட்டம் என்று பெயர். பொங்கியண்ணன் வாயிலிருந்து "ஆட்டம் இருக்கு" என்று வந்துவிட்டால் சிவப்பு மைதான், உருப்படி கழிவுக்குப் போய்விடும். கடைந்தவன் கெஞ்சினாலும் சரி, முதலாளியே வந்து நின்றாலும் சரி.

வீட்டிலும் அப்படித்தான். கதவு கிறீச்சிடாது. கடிகாரம் பிந்தாது. மனைவி மயிலாத்தாள் சந்தைக்குப் போனால் எப்போது திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் தாமதித்தால் வாசலில் நின்றுகொண்டிருப்பார். கோபித்ததில்லை, கை ஓங்கியதில்லை. "ஏன் நேரமாச்சு?" என்று மட்டும் கேட்பார். பதில் சொன்னால், அதிலிருந்து அடுத்த கேள்வி வரும்.

மயிலாத்தாள் மகளின் பிரசவத்துக்கென்று தாராபுரம் போனாள். அந்தக் குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறது. மயிலாத்தாள் இன்னும் வரவில்லை.

தினமும் போன் செய்வார். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், மாத்திரை போட்டாயா, ஏன் எடுக்க இவ்வளவு நேரம். "ம்" என்பாள். "ஆச்சு" என்பாள். இப்போதெல்லாம் மகள்தான் எடுக்கிறாள். "அம்மா குளிக்கறாங்கப்பா." ஒரு மனுஷி ஒரு நாளில் அத்தனை தடவை குளிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும்.

எப்போது வருகிறாய் என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"உங்க ரயிலு எஞ்சின் ஓடட்டும், வர்றேன்," என்றாள்.

அது கேலியா வாக்கா என்று அவருக்கு விளங்கவில்லை. வாக்கு என்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் போத்தனூர்.

"இப்பவும் ஓடலீங்க, அம்மணி. ஆவி எங்கியோ பக்கவாட்டுல கசியுதுன்னு நெனச்சு, புதுசா ஒரு பிஸ்டன் போட்டேன். மொதல்ல போட்டதைவிட இறுக்கம். ரெண்டு சுத்து சுத்துச்சு. அப்படியே புடிச்சுக்கிச்சு."

"ஆறினதுக்கப்புறம்?"

"ஆறினா வெண்ணெய் மாதிரி போகுதுங்க. சூடானா நிக்குது. கம்பெனில சில பசங்க இருப்பாங்க, நான் வந்தா மட்டும் கையி ஓடாது. அந்த மாதிரி."

ஃபிலோமினா சிரித்தார். "நீங்க பக்கத்துல இல்லாதப்ப விட்டுப் பாத்தீங்களா?"

"அதெப்படீங்க விட்டுட்டுப் போறது?"

"சரி. இந்த பிஸ்டனை எப்ப அளந்தீங்க?"

பொங்கியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்றிருந்தது அவருக்கு. "ராத்திரி பூராவும் ஏசில வெச்சு ஆற வெச்சேனுங்க. கைச்சூடு பட்டா அளவு மாறிரும்னு துணியிலதான் புடிச்சேன். காலைல அளந்தேன்."

மயிலாத்தாளுக்குக் கோடையில்கூட அளந்து போட்ட ஏசி. பிஸ்டனுக்காக விடிய விடிய ஓடியிருக்கிறது.

"உங்க பம்ப்புல என்னங்கண்ணா ஓடும்?"

"கெணத்துத் தண்ணிங்க."

"பச்சத்தண்ணி."

"பச்சத்தண்ணிதானுங்க." பிஸ்டனைத் துணியால் ஒருமுறை துடைத்தார். "நீங்க சொல்ல வர்றது தெரியுதுங்க, அம்மணி. பித்தளை சூட்டுல விரியும். அது எனக்குத் தெரியாததில்ல. ஆனா அதுக்குன்னு எடம் விட்டா, ஆறியிருக்கறப்ப ஆட்டம் வந்துருமுங்களே."

"வரும்."

"ஆட்டம் இருந்தா அது உருப்படியே இல்லீங்க."

ஃபிலோமினா எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு எஞ்சினை எடுத்து வந்தார். அவரே கட்டியது. துணியெல்லாம் சுற்றவில்லை. எடுத்து வரும்போதே கடகடவென்று சத்தம்.

"பாருங்கண்ணா."

பொங்கியண்ணன் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்தார். கிண்ணத்துக்குள் கோலிக்குண்டு உருள்கிற மாதிரி இருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஃபிலோமினாவே கேட்டார்.

"என்ன, சிவப்பு மையா?"

"தப்பா எடுத்துக்காதீங்க, அம்மணி. இது வேற ஆரு கையில இருந்து வந்திருந்தாலும், கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்."

"என்னைச் சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

"வேண்டாமுங்க."

ஃபிலோமினா கொதிகலனில் தண்ணீர் ஊற்றி, கீழே ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார். இருவரும் பக்கத்துப் பக்கத்து முக்காலிகளில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொதிக்கிற வரை பேச்சு இருக்க வேண்டுமே என்று ஃபிலோமினா கேட்டார்.

"அண்ணா, எல்லாத்தையும் விட்டுட்டு எதுக்குங்க நீராவி எஞ்சின்?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"கல்யாணமான புதுசுல குன்னூருக்கு மலை ரயில்ல போனோமுங்க," என்றார். "ஜன்னல்ல தலைய நீட்டாதேன்னு சொன்னேன். நீட்டினா. கண்ணுல கரி விழுந்திருச்சு. கண்ணைக் கசக்கிக்கிட்டே சிரிச்சா பாருங்க. பொட்டியில இருந்தவங்க அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தலைய உள்ள எடுன்னேன்."

விளக்கின் நாக்கு லேசாக ஆடியது.

"அதுக்கப்புறம் அந்தச் சிரிப்பை நான் பாக்கவே இல்லீங்க."

எஞ்சின் ஒருமுறை இருமிற்று. சிலிண்டரிலிருந்து தண்ணீர் தெறித்தது. ஃபிலோமினா சக்கரத்தைத் தொட்டுவிட்டார். கடகடவென்று, இப்போதோ அப்போதோ கழன்று விழப்போகிற மாதிரி சுற்றத் தொடங்கியது. பொங்கியண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

கேட்கக் கேட்கச் சத்தம் குறைந்தது.

கடகட தளர்ந்து தடதட ஆயிற்று. அதுவும் தேய்ந்தது. சக்கரத்தின் ஆரக்கால்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. கடைசியில் மிஞ்சியது, தூங்குகிற ஆள் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும்.

"ஆட்டம் எங்கண்ணா போச்சு?" என்றார் ஃபிலோமினா.

பொங்கியண்ணன் குனிந்து பார்த்தார். சிலிண்டரைத் தொட்டார். சுட்டது. கையை எடுத்துக்கொண்டார். மறுபடியும் தொட்டார்.

கொஞ்சம் வருத்தமாகவே கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, வந்த அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொன்னேனுங்களே. ஆட்டமே இல்லைன்னு."

வீட்டுக்கு வந்ததும் பொங்கியண்ணன் பிஸ்டனைக் கழற்றி லேத்தில் மாட்டினார். மாட்டிவிட்டு மோட்டாரைப் போடாமல் நின்றார். ஆகாது என்று தெரிந்தே ஒரு உருப்படியை அவர் வாழ்நாளில் கடைந்ததில்லை.

மோட்டாரைப் போட்டார். உளி தொட்டதும் பித்தளை பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்தார். சிலிண்டருக்குள் விட்டு ஆட்டினார். கடகட என்றது. அந்தச் சத்தம் அவருடைய வீட்டுக்குள் கேட்பது அதுதான் முதல் தடவை.

சமையலறை மேடையிலேயே வைத்து விளக்கை ஏற்றினார். இருமியது, தெறித்தது, உதறியது. ஓடியது.

ஓடுகிற எஞ்சினைப் பார்த்துக்கொண்டே போன் போட்டார். மயிலாத்தாளே எடுத்தாள்.

"மயிலா."

"ம்."

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"என்னங்க அது, பின்னால சத்தம்?" என்றாள்.

"எஞ்சின்."

"ஓடுதா?"

"ஓடுது."

மயிலாத்தாள் மூச்சு விடுவது கேட்டது. "அப்ப நான் கெளம்பி வரோணுமாக்கும்," என்றாள். குரலில் பெட்டி கட்டுகிற அலுப்பு இப்போதே வந்துவிட்டது.

அவரிடம் கேள்விகள் வரிசையாக இருந்தன. என்றைக்கு, எந்த பஸ், எத்தனை மணிக்கு ஏறுவாய், கூட யார் வருகிறார்கள். எல்லாம் நாக்கு நுனி வரை வந்து நின்றன. எதிரே பிஸ்டன் போவதும் வருவதுமாக இருந்தது.

"எஞ்சின் ஓடுதுன்னு சொன்னேன், அவ்வளவுதான்," என்றார். "அதுக்காக நீ வரோணும்னு இல்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று நினைத்தார். இருக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தவர், கேட்கவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கொதிகலனில் தண்ணீர் வற்றுகிறவரை அப்படியே நிற்பார் போலிருந்தது.

"நேத்து இங்க நல்ல மழைங்க," என்றாள் மயிலாத்தாள், அவர் எதுவும் கேட்காமலேயே.