ஏழு புள்ளிக்கு ஏழு கும்பிடு

முன்னொரு காலத்தில் செந்தட்டி நாட்டை மாணிக்கபூபதி என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் அவர் கண்ணில் எது பட்டாலும் மாலைக்குள் அது சட்டமாகிவிடும்.

ஒருநாள் அரண்மனைத் தோட்டத்தில் அவர் உலாவும்போது, ஒரு பொறிவண்டு பறந்து வந்து அவர் மூக்கின்மேல் உட்கார்ந்தது. பாதியாக உடைத்த பட்டாணி அளவுதான் இருக்கும். செக்கச்செவேலென்ற முதுகில் ஏழு கறுப்புப் புள்ளிகள். ராஜா இரண்டு கண்களையும் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து பார்த்தார். சொக்கிப்போனார்.

"பிரதானி, இதென்ன புள்ளி?"

பிரதானி கச்சிராயருக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் வழக்கமும் அவருக்குக் கிடையாது. "பதவி, மகாராஜா. வண்டுகளில் புள்ளி கூடக் கூடப் பதவி உயரும்" என்றார்.

பக்கத்தில் அவரைப் பந்தலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரி மூக்காயி சிரித்துவிட்டாள்.

"பதவியெல்லாம் இல்லீங்க மகாராசா. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கணக்கு. ஆறு புள்ளி உண்டு, ஏழு புள்ளி உண்டு, புள்ளிக்குப் பதிலா வளைகோடு போட்டதும் உண்டு. இதெல்லாம் அவரையில அப்புற அசுவினிப் பூச்சியைத் தின்னும். இருபத்தெட்டுப் புள்ளி வண்டு மட்டும் கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும்."

"கேட்டீர்களா? இருபத்தெட்டுப் புள்ளிக்காரர் மட்டும் சைவம். வண்டுகளின் பிரதானி அவராகத்தான் இருக்க வேண்டும்" என்றார் கச்சிராயர்.

ராஜாவுக்கு இது பிடித்துப்போனது. மாலையே சட்டம் வந்தது. சபையில் எல்லோரும் பதவிக்குத் தக்கபடி உடுப்பில் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பொறிவண்டு எதிர்ப்பட்டாலும், அதற்கு எத்தனை புள்ளியோ அத்தனை முறை குனிந்து கும்பிட வேண்டும். கத்தரித் தோட்டம் வழியாகப் போன தளபதி மூன்று நாள் வீடு திரும்பவில்லை.

இருபத்தெட்டுப் புள்ளி வைத்துக்கொண்ட பிறகும் கச்சிராயருக்கு மூக்காயி சிரித்தது உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் பந்தலை இலை இலையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு சபைக்கு ஓடினார்.

"மகாராஜா, இவள் பந்தலில் கறுப்புப் புழுக்கள் திரிகின்றன. முதலையை எறும்பளவுக்குச் சுருக்கினாற்போல உருவம், மேலெல்லாம் முள். நம் வண்டு அதிகாரிகள் மஞ்சள் முட்டையிடும் இலைகளிலேயே ஊர்கின்றன. இவள் துரோகிகளுக்கு இடம் கொடுத்து வைத்திருக்கிறாள்."

"அத்தனையையும் கொல்லுங்கள். இவளை நாடு கடத்துங்கள்" என்றார் ராஜா.

மூக்காயி யோசித்தாள். அந்தப் பந்தலை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. அந்தப் புழுக்கள் யாருடைய பிள்ளைகள் என்றும் அவளுக்குத் தெரியும். ஆனால் இருபத்தெட்டுப் புள்ளி சொன்னதற்கு எதிராக, ஒரு புள்ளிகூட இல்லாதவள் சொன்னால் யார் நம்புவார்கள்?

"சரிங்க மகாராசா. ஆனா துரோகின்னா ஒரு விசாரணை வேணாமா? விசாரிக்காமக் கொன்னா பக்கத்து நாட்டுக்காரன் சிரிப்பான். ஒரு புழுவை மட்டும் சிறையில வைங்க. ஆறாம் நாள் சபையில விசாரிங்க. அதுவரைக்கும் மத்ததைத் தொட வேணாம். காவலுக்கு வேற யாரையும் நம்பாதீங்க, பிரதானியே இருக்கட்டும்."

ராஜா சம்மதித்தார். தீனி தின்று முடித்து மந்தமாகக் கிடந்த ஒரு புழுவை மூக்காயி பார்த்து எடுத்துக் கொடுத்தாள். அதை இலையோடு ஒரு கலயத்தில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, கச்சிராயரே அரக்கு முத்திரை வைத்தார். தினமும் சபையில் செய்தி சொன்னார்.

"கைதி தலைகீழாகத் தொங்குகிறான், மகாராஜா."

"கைதி உண்ணாவிரதம்."

"கைதி கூனிச் சுருண்டு கிடக்கிறான். பேச்சுமூச்சு இல்லை."

"பயந்துவிட்டான்" என்றார் ராஜா.

ஆறாம் நாள் காலை சபை கூடியது.

"முத்திரை அப்படியே இருக்கிறது. உள்ளே எதுவும் போகவில்லை, வெளியே எதுவும் வரவில்லை. இதற்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுக் கச்சிராயர் துணியை அவிழ்த்தார்.

உள்ளே ஒரு வெற்றுக்கூடு. அதன் பக்கத்தில், புள்ளியே இல்லாத வெளிர்மஞ்சள் வண்டு ஒன்று ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தது.

"கைதி எங்கே?"

"இது... யாரோ பதவியில்லாத பயல், மகாராஜா."

"பயல் எப்படி உள்ளே வந்தான்?"

கச்சிராயர் கலயத்தின் அடியைத் தடவிப் பார்த்தார். ஓட்டை இல்லை. இதற்குள் வண்டின் முதுகில் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. தளபதி எழுந்து சட்டப்படி ஒரு கும்பிடு போட்டார். சிறிது நேரத்தில் இன்னொன்று தெரிந்தது. சபை முழுவதும் எழுந்து இரண்டு கும்பிடு போட்டது. விசாரணை நடக்க நடக்க மஞ்சள் சிவப்பாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் முதலிலிருந்து கும்பிட வேண்டியிருந்ததால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏழாம் புள்ளி தெரிந்தபோது, வயதான கணக்கர்கள் இருவரால் நிமிரவே முடியவில்லை.

மூக்காயி முன்னால் வந்தாள். "மகாராசா, ரெண்டுல ஒண்ணுதான் நடந்திருக்கணும். பிரதானி துரோகியைத் தப்பவிட்டுட்டு ஏழு புள்ளி அதிகாரியைச் சிறையில அடைச்சிருக்கணும். இல்லேன்னா அந்தக் கறுப்புப் புழுதான் பொறிவண்டோட பிள்ளை. எதுன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க."

"சொல்லும்" என்றார் ராஜா.

கச்சிராயர் முத்திரையைப் பார்த்தார். அவருடைய முத்திரைதான். "பிள்ளைதான், மகாராஜா" என்றார், பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்காத குரலில்.

"அப்படியானால் அதிகாரிகளின் பிள்ளைகளையா கொல்லச் சொன்னீர்?"

அன்றே அவருடைய இருபத்தெட்டுப் புள்ளிகளும் உடுப்பிலிருந்து பிரிக்கப்பட்டன. கறுப்புப் புழுக்களைக் காக்கைகள் கொத்தாமல் காப்பது அவர் வேலையாயிற்று. பந்தலும் அதைச் சுற்றிய நிலமும் மூக்காயிக்கே என்று எழுதித் தரப்பட்டது. அதோடு நூறு புள்ளி வைத்த பட்டுச்சேலையும் தருவதாக ராஜா சொன்னார்.

"சேலை வேணாம் மகாராசா. அந்தக் கும்பிடுற சட்டத்தை எடுத்துடுங்க. தோட்டத்துல ஒரு வேலையும் நடக்கல."

ராஜா அரைமனதோடு ஒப்புக்கொண்டார். பிறகு புது வண்டை வாழ்த்த ஆசைப்பட்டு விரலால் தொட்டார். அது கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு செத்ததுபோல் உருண்டது. விரலில் மஞ்சளாக ஒரு சொட்டு. ராஜா முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்.

"கச்சிராயரே, இதென்ன?"

கச்சிராயர் வாயைத் திறந்தார். சந்தனம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மூக்காயியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுச் சொல்கிறேன், மகாராஜா."