குறை உண்டா என்று மூன்று முறை

கேட்கிறவர்களே, கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சிறுவர்கள் முன்னால், கொட்டாவி விடுகிறவர்கள் பின்னால். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது, சொல்லிவிட்டேன்.

எத்தனையோ காலத்துக்கு முன்னால், கடலோரத்து நாடு ஒன்றை ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். ஒரே ஒரு கெட்ட பழக்கம், எதையும் முழுதாகப் படிக்க மாட்டான். ஓலைக் கட்டை நீட்டினால் அரக்கில் முத்திரை மோதிரத்தை அழுத்திவிட்டுக் குதிரை ஏறிவிடுவான்.

அந்த ராஜா ஓர் அறச்சாலை கட்டியிருந்தான். பார்வை இல்லாதவர்கள், நடக்க முடியாதவர்கள், காது கேளாதவர்கள் என்று அறுபது பேர் அங்கே இருந்தார்கள். அரண்மனையிலிருந்து பொன் வரும். அதை வாங்கிச் செலவு செய்து கணக்கு எழுதுகிறவர் திருவம்பலம் என்கிற அதிகாரி. அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த அறச்சாலைக் கஞ்சிதான் தண்ணீர் மாதிரி இருக்கும்.

அறுபது பேரில் ஒருத்தி வேம்பி. பிறவியிலேயே பார்வை இல்லை. தென்னை நாரைக் கயிறாகத் திரிப்பாள். கை ஒரு பக்கம் திரிக்கும், வாய் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும். வாசலில் வண்டி நின்றால், "வண்டியில என்ன?" என்பாள். மாடு கத்தினால், "அதுக்கு என்ன கோபம்?" என்பாள். எழுத்தாணி கீறும் சத்தம் கேட்டால் போதும், காது அங்கேயே போய்விடும்.

"ஐயா, என்னைப் பத்தி அதுல என்ன எழுதியிருக்கீங்க?"

"கஞ்சியைக் குடிச்சோமா, கயிறைத் திரிச்சோமான்னு இரு. கணக்கு குடுக்கிறவருக்குத்தான். வாங்குறவளுக்கு எதுக்கு?" என்பார் திருவம்பலம்.

இப்படியே பத்து வருஷம் போயிற்று. ஒருநாள் மந்திரி ராஜாவிடம் போனார். "மகாராஜா, அறச்சாலையில் வருஷா வருஷம் செலவு கூடுகிறது, ஆள் குறைகிறது. மூடிவிடலாம்" என்றார். வழக்கம்போல ராஜா தலையாட்டினான்.

செய்தி வந்ததும் அறச்சாலையில் அழுகை. "இந்த ஒத்தைக் காலோட நான் எந்தத் தெருவுல போய் நிப்பேன்?" என்று மருதப்பன் சுவரில் முட்டிக்கொண்டான். அவன் போர்க்களத்தில் ஒரு கால் இழந்தவன். வேம்பிக்கும் பயம்தான். அவளுக்கு வேறு வீடு கிடையாது, வேறு மனிதர் கிடையாது. ஆனால் பயத்துக்கு நடுவிலும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற அந்தப் பாழாய்ப்போன ஆசை விடவில்லை. ஆள் குறைந்ததா? போன வருஷம் செத்தது ஒரே ஒரு கிழவர். புதிதாக வந்தவர்கள் நாலு பேர். அப்புறம் எப்படிக் குறையும்?

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தருமத்தை நிறுத்துவதானால் ராஜாவே நேரில் வர வேண்டும். முற்றத்தில் நின்று, "குறை உண்டா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். மூன்று முறையும் "இல்லை" என்று பதில் வந்தால்தான் கதவைப் பூட்டலாம்.

கதவைப் பூட்டிவிட்டால் கணக்கைக் கேட்க ஆள் இருக்காது என்று திருவம்பலம் முந்தின நாளே எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் சொன்னார். "மூணு தடவையும் இல்லைன்னு சொல்லணும். சொன்னா ஆளுக்கொரு புதுத்துணி. சொல்லலைன்னா வெறுங்கையோட வெளியே."

ராஜா வந்தான். மந்திரி வந்தார், கணக்குக் கட்டோடு எழுத்தர் வந்தார்.

"குறை உண்டா?" என்றான் ராஜா.

"உண்டு ராசா!" என்றாள் வேம்பி.

திருவம்பலம் குறுக்கே வந்தார். "இவள் ஒரு வாயாடி, மகாராஜா."

"என்ன குறை?"

"எங்களைப் பத்தி எழுதின ஏட்டை நாங்க ஒரு நாளும் கேட்டதில்லை. ஒண்ணே ஒண்ணு வாசிக்கச் சொல்லுங்க."

ராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது, தானும் கேட்டதில்லை என்று. வாசிக்கச் சொன்னான்.

எழுத்தர் ஓர் ஏட்டை எடுத்தார். "ஒரு கால் இழந்தோர் பதினெட்டுப் பேருக்கு, ஆளுக்கு இரண்டு செருப்பு, ஆக முப்பத்தாறு."

மருதப்பன் தன் வெறுங்காலைப் பார்த்தான். "ஒண்ணே வரலை சாமி. ரெண்டாவதை எங்கே மாட்டிக்கிறது, தலையிலயா?"

ராஜா சிரிக்கவில்லை. "குறை உண்டா?" என்றான் இரண்டாம் முறை.

"உண்டு ராசா. இன்னொரு ஏடு."

"காது கேளாதோர் கூடத்தில் தினமும் விடியலில் பாடி எழுப்பப் பாடகர் இருவர். சம்பளம் மாதம் நாலு பொன்."

வேம்பி பக்கத்திலிருந்த சொர்ணக்கிளியின் உள்ளங்கையில் தட்டித் தட்டி அதைச் சொன்னாள். காது கேளாத சொர்ணக்கிளியோடு அவள் பேசுவது அப்படித்தான். விஷயம் புரிந்ததும் சொர்ணக்கிளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிப்பில் முற்றமே சிரித்தது. திருவம்பலம் மட்டும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "தருமத்தில் குறை வைக்கக் கூடாதே என்றுதான்..." என்று இழுத்தார்.

பாருங்கள், பத்து வருஷம் அந்த வீட்டுக் கணக்கை எழுதிய மனுஷன் அது! யாருக்கு என்ன வேண்டும் என்று ஒரு முறையாவது நிமிர்ந்து பார்த்திருந்தால், பொய்யாவது ஒழுங்காக எழுதியிருப்பார்.

"குறை உண்டா?" என்றான் ராஜா மூன்றாம் முறை. குரல் தாழ்ந்திருந்தது.

"உண்டு ராசா. வேம்பின்னு பேர் இருக்கிற ஏடு."

எழுத்தர் தேடினார். கண்டுபிடித்தார். வேம்பியைப் பார்த்தார், மறுபடி ஏட்டைப் பார்த்தார்.

"வாசி" என்றான் ராஜா.

"வேம்பி, சித்திரை மாதம் இறந்தாள். ஈமச் செலவு, சந்தனக்கட்டை, நெய், கோடித்துணி. ஆக பன்னிரண்டு பொன்."

எழுத்தர் மற்ற ஏடுகளையும் புரட்டிப் பார்த்தார். ஏட்டின்படி போன வருஷம் மட்டும் இருபது பேர் செத்திருந்தார்கள். இருபதில் பத்தொன்பது பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி ஊற்றினால் காசு வராது, செத்தால்தானே ஒரே நாளில் பன்னிரண்டு பொன்!

வேம்பி எழுந்து கையை நீட்டிக்கொண்டே வந்தாள். ஓலைக் கட்டைத் தொட்டாள். கயிற்றில் தொங்கிய அரக்கை விரலால் மெல்லத் தடவினாள்.

"ஒரு மான் துள்ளுதே. இது யாரு முத்திரை?"

ராஜாவே சொன்னான். "என்னுடையது."

"அப்ப நான் செத்தது உங்களுக்குத் தெரியுமா ராசா? சந்தனக்கட்டையில எரிச்சீங்களே, ஒரு நாளாவது கெட்டிக் கஞ்சி ஊத்தியிருக்கக் கூடாதா?"

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. கோபம் முதலில் திருவம்பலத்தின் மேல் வந்தது. பிறகு, அதைவிடப் பெரிதாக, தன் கை மோதிரத்தின் மேல் வந்தது.

அறச்சாலையை மூடவில்லை. திருவம்பலத்தின் மாளிகையை விற்று, போன பொன்னைத் திரும்ப வாங்கினார்கள். அவருக்குத் தண்டனை என்ன தெரியுமா? தினமும் அறுபது பேருக்கும் அவரவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கஞ்சி ஊற்ற வேண்டும். ஒரு பேர் தப்பினாலும் அன்றைக்கு அவருக்குக் கஞ்சி இல்லை. முதல் மாதம் மனுஷன் துரும்பாய் இளைத்துப்போனார்.

அதன் பிறகு வருஷா வருஷம் முற்றத்தில் கணக்கு வாசிக்கப்பட்டது. காது கேளாதவர்களுக்குக் கையில் தட்டிச் சொன்னார்கள். அவர்கள் "சரி" என்ற பிறகே அரக்கு உருகும்.

முதல் வருஷம் எழுத்தர் வாசித்தார். "வேம்பி. இருக்கிறாள். கஞ்சி இரு வேளை, சேலை இரண்டு."

"அந்த முதல் வரியை இன்னொரு தடவை வாசிங்க" என்றாள் வேம்பி.

அவர் வாசித்தார்.

நீதி இதுதான், கேட்கிறவர்களே: தருமத்தின் கணக்கு, கொடுத்தவர் முத்திரை வைப்பதால் நேராகாது, யார் பேரில் கொடுத்தார்களோ அவர்கள் காதில் விழுந்து அவர்கள் "ஆமாம்" என்ற பிறகே நேராகும்.