நின்று காட்டிய அண்ணாச்சி

நின்று நின்றே செண்பகத்தின் கால் நரம்புகள் புடைத்துச் சுருண்டுவிட்டன. துணிக்கடையில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வேறு வருமானம் இல்லை. அதே வேலையைக் கேட்டுத் தங்கை கோமு கிளம்பினாள்.

"சேலையைப் பத்திக் கேக்க மாட்டாருடி. நிப்பியான்னுதான் கேப்பாரு," என்று அக்கா சொல்லி அனுப்பினாள்.

முதலாளி வைரமணி அண்ணாச்சி தன் கண்ணாடி அறையில் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி அதையேதான் கேட்டார். "இங்க பொம்பளப் பிள்ளைகளுக்கு உக்கார எடம் கெடையாது. கடை அடைக்கிற வரைக்கும் சிரிச்ச முகமா நிக்கணும். முடியுமா?"

"நிக்கேன், அண்ணாச்சி. எப்படி நிக்கணும்னு ஒரு தடவை நின்னு காட்டுங்க. அப்படியே நிக்கேன்."

அண்ணாச்சி மிடுக்காக எழுந்து நின்றார். கோமு பட்டுச் சேலையைப் பற்றிக் கேட்டாள், பருத்தியைப் பற்றிக் கேட்டாள், ஆடித் தள்ளுபடியைப் பற்றியும் கேட்டாள். அவரும் பெருமையாக விளக்கிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் கால் மாற்றினார். பிறகு மேசையில் சாய்ந்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கடைசியில் கை தானாக நாற்காலியைத் தேடியது.

"உக்காருங்க, அண்ணாச்சி. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் வலிச்சிருக்கும்," என்றாள் கோமு.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே விற்பனைப் பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னால், வேலை இல்லை என்றோ உட்கார இடம் இல்லை என்றோ சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வேலை கிடைத்தது. அவள் வேலைக்குப் போன முதல் நாளே பெண்கள் உட்கார ஸ்டூல்களும் வந்தன.

அன்று வீட்டில் செண்பகம் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, "ஒன் ஸ்டூலை எங்கடி போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

கோமு அந்தக் காலையே பார்த்தாள்.

"நீ நின்ன எடத்துலதான், அக்கா."